படப் புத்தகம் வாங்கும் முன் எழுத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள்

கேள்வி: பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் 2 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக ஒரு சின்ன நூலகம் தொடங்குகிறோம். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஜனவரி புத்தகக் காட்சியில் தமிழ்ப் படப் புத்தகங்களாக வாங்கலாம் என்று எண்ணம். ஆனால் எல்லாமே பளிச்சென்று, ஒன்றுபோலவே தெரிகின்றன. கடையில் நின்றபடியே ஒரு புத்தகம் நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறுவர் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தும் பக்கம் வடிவமைத்தும் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இப்போது சனிக்கிழமைதோறும் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சிறு நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன். இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்து கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன்.

புத்தகத்தை எடுத்ததும் கதையைப் படிக்காதீர்கள். எழுத்து இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படங்களை மட்டும் பாருங்கள். ஒரு நிமிடம் போதும். அதற்குள் உங்களுக்குள் ஏதாவது ஒரு கதை ஓட வேண்டும். அப்புறம் திரும்ப முதலிலிருந்து வந்து, இந்த முறை எழுத்தை மட்டும் வாய்க்குள் படியுங்கள். இப்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: எழுத்து சொல்லாத எதையாவது படம் சொன்னதா? படத்தில் இல்லாத எதையாவது எழுத்து கொண்டுவந்ததா? இரண்டும் ஒன்றையே சொன்னால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நானே ஒரு கதை கட்டிக் காட்டுகிறேன். எழுத்து இவ்வளவுதான்: 'தாத்தா கடைக்குப் போனார். பால் வாங்கினார். தெரு முனையில் நண்பரைப் பார்த்தார். பேசினார். வீட்டுக்கு வந்தார்.' முதல் வகைப் புத்தகத்தில் தாத்தா போவார், பால் வாங்குவார், நண்பரோடு பேசுவார், வருவார். படம் எழுத்துக்கு ஜால்ரா போட்டுக்கொண்டே போகும். இரண்டாம் வகைப் புத்தகத்தில் இதே எழுத்துதான். ஆனால் தாத்தா பால் வாங்கும் பக்கத்தில் கடை மேடைக்கு அடியில் ஒரு பூனை எட்டிப் பார்க்கிறது. பால் பையில் ஒரு சின்ன ஓட்டை. அடுத்த பக்கத்தில் பின்னால் மூன்று பூனைகள். நண்பரோடு பேசும்போது ஏழு. வீட்டுக்கு வரும்போது தெருவே பூனை. தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தைக்கு எல்லாம் தெரியும். பெரியவர் எழுத்தை வாசித்துக்கொண்டிருக்க, எழுத்தே தெரியாத நான்கு வயதுக் குழந்தை அவரைவிட அதிகமாகப் படித்துக்கொண்டிருக்கும். 'தாத்தா, பின்னாடி பாருங்க!' என்று அது கத்தும். அந்தக் கத்தலுக்காகத்தான் படப் புத்தகம் என்ற ஒன்றே இருக்கிறது.

நம் ஊரில் இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. நம்மில் பலரும் அம்புலிமாமா பார்த்து வளர்ந்தவர்கள். 1947-இல் இதே சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கும் அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கரின் கோடுகள் இன்னும் நம் கண்ணுக்குள் இருக்கின்றன. அது அற்புதமான ஓவியம். ஆனால் அது கதைக்கு வரைந்த படம். பக்கம் முழுக்கக் கதை இருக்கும், அதில் ஒரு காட்சியைப் படம் எடுத்துக் காட்டும். படம் இல்லாவிட்டாலும் கதை நிற்கும். அது வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம், எழுத்தில் உள்ளதைப் படம் அப்படியே காட்டினால்தான் சரி என்று நினைத்துக்கொள்கிறோம். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. அதன் கையில் இருப்பது படம் மட்டும்தான்.

அடுத்து, பக்கம் திருப்பும் இடம். நம் பாட்டிகள் கதை சொல்லும்போது குழந்தை உம் கொட்ட வேண்டும் என்பார்கள். உம் வராவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்கள். நல்ல கதை சொல்லிக்கு எந்த இடத்தில் நிறுத்தினால் 'உம்' வரும், எந்த இடத்தில் 'அப்புறம்?' வரும் என்று தெரியும். படப் புத்தகத்தில் அந்த இடம் பக்கத்தின் வலது கீழ் மூலை. அங்கே ஒரு இழுப்பு இருக்க வேண்டும். ஒரு கதவு பாதி திறந்திருக்கலாம், ஒரு வால் மட்டும் பக்கத்துக்கு வெளியே போயிருக்கலாம், வாக்கியம் 'ஆனால்' என்று நின்றிருக்கலாம். பெரும்பாலான படப் புத்தகங்கள் 16, 24, 32 என்ற பக்கக் கணக்கில் வருவது தாளை மடிக்கும் முறையால். 32 பக்கம் என்றால், தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போகக் கதைக்குக் கிடைப்பது பதினான்கு ஜோடி எதிரெதிர்ப் பக்கங்கள் அளவுதான். அத்தனை திருப்பங்களிலும் இழுப்பு இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் முக்கியமான வெடிப்பு பக்கத்தைத் திருப்பியதும் இடது பக்கத்தில் வருகிறதா, அல்லது வலது பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டார்களா என்று பாருங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் பதிலும் ஒரே பார்வையில் தெரியும்படி அச்சிட்ட புத்தகங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கதை எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருப்பார். பக்கம் பிரித்தவர் கொன்றிருப்பார்.

சரி, மொழிக்கு வருகிறேன். இதில்தான் தமிழ்ப் படப் புத்தகங்கள் அதிகம் தடுமாறுகின்றன. கடையில் கூச்சப்படாமல் இரண்டு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறது என்று கவனியுங்கள். நம் சந்தையில் இருக்கும் படப் புத்தகங்களில் பெரும்பங்கு வேறு மொழியிலிருந்து வந்தவை. மொழிபெயர்ப்பு என்பதே குறை இல்லை. அருமையான மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் இப்படியும் இருக்கும்: 'அவன் தன்னுடைய சிறிய சிவப்பு நிறப் பந்தைத் தன்னுடைய இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டிருந்தான்.' இதை எந்தத் தமிழ்ப் பாட்டியும் சொல்ல மாட்டாள். 'கையில் பந்து. குட்டிச் சிவப்புப் பந்து' என்று சொல்வாள். 'தன்னுடைய', 'அவளுடைய', 'ஒரு' ஆகியவை பக்கத்துக்குப் பக்கம் வந்தால், எழுதியவர் காதால் எழுதவில்லை என்று அர்த்தம். நாய் 'வூஃப்' என்று குரைத்தாலும், குழந்தை 'ஊப்ஸ்' என்று விழுந்தாலும் அதே கதைதான். நம் நாய் லொள் லொள் என்றுதான் குரைக்கும். நம் குழந்தை விழுந்தால் ஐயோ என்றோ அம்மா என்றோதான் சொல்லும்.

தமிழுக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. சலசல, கலகல, மடமட, குடுகுடு, வழவழ, பளபள. 'இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்து இசையா' என்று தொல்காப்பியம் சொல்லும் அந்த இரட்டைக்கிளவிகள்தான் சின்னக் குழந்தை முதலில் வாயில் போட்டு உருட்டிப் பார்க்கும் சொற்கள். மழை வந்தது என்று வாசித்தால் குழந்தை சும்மா பார்க்கும். சடசடவென்று மழை என்று வாசித்தால் தொடையில் தட்டத் தொடங்கும். நான் வாசிக்கும் அறையில் இது ஒவ்வொரு வாரமும் நடக்கிறது. ஆகவே ஒரு புத்தகத்தில் இப்படி ஒலிக்கும் சொற்கள் இருக்கின்றனவா, திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது முறை அந்த வரி வரும்போது குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற கேள்வியை உங்கள் குடியிருப்பில் யாராவது நிச்சயம் எழுப்புவார்கள். என் கருத்து இது: கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பாத்திரங்கள் பேசும்போது பேச்சாக இருந்தால் தவறே இல்லை. 'வந்துவிட்டாயா?' என்று எழுதியிருந்தாலும் வாசிக்கும் அம்மா 'வந்துட்டியா?' என்றுதான் சொல்லப்போகிறாள். அப்படி மாற்றிச் சொல்ல இடம்கொடுக்கிற எழுத்து நல்ல எழுத்து. 'ஓடிக்கொண்டிருந்தபடியால்' போன்றவை எந்தப் பேச்சுக்கும் வளையாது.

இனி ஒரு தொழில் ரகசியம். கடையில் யாரும் கவனிக்காதது, நான் முதலில் பார்ப்பது: புள்ளி. தமிழில் புள்ளி என்பது அலங்காரம் இல்லை. க வேறு, க் வேறு. எழுத்தை இலைகள் மேலேயோ புல் மேலேயோ பூப்போட்ட புடவை மேலேயோ அச்சிட்டால் புள்ளி காணாமல் போகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால், மை கொஞ்சம் பரவினாலும் புள்ளி அடைந்துவிடும். வாசிக்கக் கற்றுக்கொள்ளும் ஆறு வயதுக் குழந்தை 'பக்கம்' என்பதை 'பககம' என்று எழுத்துக்கூட்டித் திணறும், தப்பு தன் மேல் என்று நினைத்துக்கொள்ளும். அதேபோல் எ-க்கும் ஏ-க்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் வித்தியாசம் ஒரு சிறு கோடும் சுழியும்தான். சில விளையாட்டு எழுத்துருக்களில் ரகரமும் துணைக்காலும் ஒன்றாகவே இருக்கும். பெரியவர்களுக்குப் பழக்கத்தில் புரிந்துவிடும். குழந்தைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

வரி எங்கே உடைகிறது என்பதையும் பாருங்கள். நம் சொற்கள் நீளமானவை. கணினி பாட்டுக்கு 'விளையாடிக்கொண்டி' என்று ஒரு வரியிலும் 'ருந்தான்' என்று அடுத்த வரியிலும் போட்டுவிடும். பத்திரிகையில் பரவாயில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டே வரி இருக்கும் புத்தகத்தில் இது மன்னிக்க முடியாத சோம்பல். ஆங்கிலத்துக்காக விட்ட சின்ன இடத்தில் தமிழை அடக்கப் போய் எழுத்தைச் சுருக்கியிருப்பதும் அடிக்கடி நடக்கும். ஒரே செய்திக்குத் தமிழ் கூடுதல் இடம் கேட்கும் என்பதை முதலிலேயே யோசித்து வரைந்த புத்தகத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். எழுத்தைச் சுற்றிக் காற்று இருக்கும். இருமொழிப் புத்தகம் என்றால் இன்னும் கவனம் தேவை. இரண்டு மொழியும் சம அளவில், சம மரியாதையில் இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலம் மேலே பெரிதாகவும் தமிழ் கீழே பொடியாகவும் இருந்தால், வாசிக்கும் பெற்றோரின் கண் தானாகவே மேலே போகும். உங்கள் நூலகத்துக்குத் தனித் தமிழ்ப் பதிப்பு கிடைக்கும் இடத்தில் அதையே வாங்கச் சொல்வேன்.

படத்தின் உண்மையைப் பற்றி ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் கடலாமை பற்றி ஒரு படப் புத்தகம் வாசித்தேன். பருந்து வந்ததும் ஆமை தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதாகப் படம். முன்வரிசையில் கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு ஐந்து வயதுப் பையன் எழுந்து நின்று, 'அது இழுக்காது' என்றான். நான் வாசிப்பை நிறுத்தினேன். அவன் சொன்னதுதான் சரி. நிலத்து ஆமை இழுக்கும், கடலாமையால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. அதற்குக் கால்கள் இல்லை, துடுப்புகள். ஜனவரி முதல் சில மாதங்கள் நம் பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளை அவன் வீட்டுப் பெரியவர்களோடு பார்த்திருக்கிறான். 1988 முதல் இங்கே மாணவர்கள் இரவில் கடற்கரையோரம் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அச்சான ஒரு புத்தகத்தை வரைந்தவர், திருத்தியவர், அச்சுக்கு அனுப்பியவர் எவருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கற்பனைக் கதையில் யானை பறக்கலாம், அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் பறக்காத இடத்தில் யானை யானையாக இருக்க வேண்டும். சில எளிய சோதனைகள் போதும். சிலந்திக்கு எட்டுக் கால் இருக்கிறதா. எறும்பின் ஆறு காலும் நடு உடம்பிலிருந்து வருகின்றனவா, வயிற்றிலிருந்து வருகின்றனவா. நம் வீட்டு மாடிக் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். உடம்பு முழுக்கக் கறுப்பு என்றால் அது அண்டங்காக்கை. கூவும் குயில் கறுப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் கூவுவது ஆண். பெண் குயில் பழுப்பில் புள்ளி போட்டிருக்கும். பிறை நிலாவின் இருண்ட பகுதிக்குள் நட்சத்திரம் வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள். நிலா அங்கேதான் இருக்கிறது, நட்சத்திரம் தெரியாது. இவையெல்லாம் பெரிய குற்றங்கள் இல்லை. ஆனால் ஒரு புத்தகத்தில் இப்படி மூன்று இருந்தால் வரைந்தவர் பார்த்து வரையவில்லை, இன்னொரு படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

இதன் தொடர்ச்சியாக இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. கணினியே உருவாக்கும் படங்களால் ஆன புத்தகங்கள். முதல் பார்வைக்கு மினுமினுவென்று மயக்கும். விரல்களை எண்ணுங்கள். அப்புறம் ஒரே பெண் குழந்தையைப் பக்கம் பக்கமாகத் தொடருங்கள். மூன்றாம் பக்கத்தில் இருந்த தோடு ஐந்தாம் பக்கத்தில் இல்லை, ரிப்பன் நிறம் மாறுகிறது, வீட்டுக் கதவு இடம் மாறுகிறது என்றால் வைத்துவிடுங்கள். குழந்தைகள் ஒரே புத்தகத்தை நாற்பது முறை பார்ப்பவர்கள். தோடு எங்கே போனது என்று கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. இன்னொரு சுலபமான அடையாளம், அட்டையில் ஓவியர் பெயர் எழுத்தாளர் பெயருக்குச் சமமாக இருக்கிறதா என்பது. ஓவியர் பெயரையே போடாத பதிப்பகம் படத்தை எவ்வளவு மதிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் பெயரும் அப்படித்தான்.

படத்தில் யாருடைய வீடு இருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்லாம் சென்னையாகவே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பனி பொழியும் நாட்டுக் கதையும் வேண்டும், குழந்தை அங்கேயும் போய்வரட்டும். ஆனால் பெரம்பூரில் நடப்பதாகச் சொல்லும் கதையில் புகைபோக்கி வைத்த ஓட்டு வீடும் வெள்ளை மர வேலியும் இருந்தால் எப்படி? வாசலில் வரிசையாகப் பச்சை, நீலம், ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள், நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு கோலம் போடும் அம்மா, ஷேர் ஆட்டோவின் பின்பக்கம் தொங்கும் பள்ளிப் பை. இவை தெரிந்தால் ஓவியர் இந்தத் தெருவில் நடந்திருக்கிறார் என்று நம்பலாம். கெட்டவன் என்றால் கறுப்பு, நல்லவள் என்றால் சிவப்பு என்று இன்னும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்தகங்களுக்கு உங்கள் அலமாரியில் இடம் கொடுக்காதீர்கள். ஒருமுறை, சந்தைக்குப் போகும் ஒரு கதையில் மீன்கடைப் பக்கம் வந்தது. குழந்தைகள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதாகப் படம். என் கூட்டத்தில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா மீன் விற்கும் ஒரு சிறுமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு அவள் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கத்தை நான் முன்கூட்டியே பார்த்திருந்தும் அப்படி யோசிக்கவில்லை. அதிலிருந்து எந்தப் புத்தகத்தையும், இதைக் கேட்டுக்கொண்டு உட்காரப்போகும் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் நினைத்துக்கொண்டு ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் வாசிக்கிறேன்.

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு கட்டம் போட்டு 'நீதி' என்று எழுதியிருந்தால் எனக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். கதையில் நல்லது கெட்டது இருக்கட்டும், நிச்சயம் இருக்க வேண்டும். ஆனால் கதை முடிந்த அந்தச் சில நொடிகள் குழந்தைக்குச் சொந்தமானவை. அது என்னவோ யோசித்துக்கொண்டிருக்கும்போது கட்டம் போட்டு விடை எழுதிக்கொடுத்தால் யோசனை அங்கேயே நின்றுவிடும். 'ஆகவே பெரியோர் சொல் கேட்க வேண்டும்' என்று முடியும் எந்தக் கதையையும் ஒரு குழந்தைகூட 'மறுபடி' என்று என்னிடம் கேட்டதில்லை. பயம், அழுகை, சாவு ஆகியவை கதையில் இருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள். பாட்டி இறந்த வீட்டுக் குழந்தைக்கு அப்படிப்பட்ட ஒரு புத்தகம்தான் துணை.

2 வயதுக்காரர்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். கெட்டி அட்டைப் புத்தகம், மழுங்கிய மூலைகள், பக்கத்துக்கு ஒரு பொருள், தெளிவான பின்னணி. வாயில் வைப்பார்கள், ஆகவே அச்சு வாசம் தூக்கலாக அடிக்கும் புத்தகத்தைத் தவிருங்கள். உயிரெழுத்துப் புத்தகம் வாங்கினால் உ-வுக்கு உரலும் ஏ-க்கு ஏரும் மட்டும் இல்லாமல் குழந்தை தினமும் பார்க்கும் பொருளும் இருக்கிறதா பாருங்கள். உப்பும் ஏணியும் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

தாளும் பைண்டிங்கும் நூலகத்துக்கு முக்கியம். பளபளப்பான ஆர்ட் தாள் கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் டியூப் லைட்டுக்குக் கீழே பத்துக் குழந்தைகள் சுற்றி உட்கார்ந்தால் பாதிப் பேருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். மங்கலான மேட் தாள் நல்லது. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள் நன்றாக விரிந்து கிடக்கும், விலையும் குறைவு. பசை மட்டும் போட்டு ஒட்டியவை நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் ஆறு மாதத்தில் பக்கம் பக்கமாக உதிரும், தைத்து ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே படமாக வரைந்திருந்தால், புத்தகத்தை நன்றாக விரித்து, நடு மடிப்புக்குள் யாருடைய முகமாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே பார்ப்பது? காட்சிக்குப் போகும் முன் ஒரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் போய் வாருங்கள். புதிதாகப் பளிச்சென்று இருப்பதை விடுங்கள். மூலை மடங்கி, முதுகு கிழிந்து, பக்கங்களில் விரல் அழுக்குப் படிந்த புத்தகங்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பிள்ளைகள் ஏற்கெனவே மதிப்பிட்டு வைத்த பட்டியல் அது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நூற்றுக்கணக்கான தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். போனில் குழந்தைக்குக் காட்டிவிட்டு, எது பிடித்ததோ அதன் அச்சுப் பிரதியைத் தேடலாம். சென்னையிலேயே இருக்கும் தூலிகாவும் பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்களும், டெல்லியின் நேஷனல் புக் டிரஸ்ட்டும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். ஆனால் எந்தப் பதிப்பகத்தின் பெயரைப் பார்த்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரே பதிப்பகத்தில் உயர்ந்ததும் சுமாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். திருவான்மியூரின் தாரா புக்ஸ் கையால் செய்த தாளில், வலைத்துணி வழியாக மையை இழுத்து அச்சிடும் சில்க்ஸ்கிரீன் முறையில் உருவாக்கும் புத்தகங்கள் உலகமே வியப்பவை. விலை அதிகம், சின்னக் கைகளுக்கு நான் தர மாட்டேன். ஒன்று மட்டும் வாங்கி, பெரியவர் மடியில் வைத்துக் காட்டும் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைப் படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள். அலமாரியில் நீங்களும் அப்படி அடுக்கலாம். வயதை எழுதி ஒட்டுவதைவிட அது நல்லது. ஆறு வயதுப் பிள்ளை 'மூன்று வயது' என்று எழுதிய புத்தகத்தைத் தொட வெட்கப்படும்.

நந்தனம் காட்சிக்கு வார நாளில், மதியமே போய்விடுங்கள். பொங்கல் விடுமுறை மாலையில் கடைக்குள் புத்தகத்தைத் திறக்கவே இடம் இருக்காது. 'பத்துப் புத்தகம் சேர்த்து நூறு ரூபாய்' என்று கூவும் மேசையைத் தாண்டிப் போங்கள். 15,000 ரூபாய்க்கு முந்நூறு புத்தகம் வாங்கி அலமாரியை நிரப்புவதைவிட, தொண்ணூறு நல்ல புத்தகம் வாங்குவது மேல். அதையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் பதினைந்து வாங்குங்கள். இரண்டு வாரம் குழந்தைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

அந்த இரண்டு வாரமும் பார்க்க வேண்டியது குழந்தையின் கையை. எந்தப் படத்தில் விரல் போய் நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து பின்னால் திருப்பிப் பார்க்கிறது, யார் 'மறுபடி' என்கிறார்கள். 'இது என்ன கலர்? எத்தனை பூனை?' என்று பரீட்சை வைக்காதீர்கள். 'என்ன நடக்குது?' என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். குழந்தை மௌனமாக இருந்தால் புத்தகம் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டே வண்ணத்தில், கறுப்பும் மஞ்சளுமாக இருந்த ஒரு புத்தகத்தை 'குழந்தைகளுக்கு இது போதாது' என்று ஒருமுறை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். வாசித்த அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மூன்று வயதுப் பெண் ஒருத்தி அதை அலமாரியிலிருந்து தானே இழுத்து எடுத்து, தன் பொம்மைக்கு முன்னால் விரித்துவைத்து, பக்கம் பக்கமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதில் மூன்று பிரதிகள் வைத்திருக்கிறோம். உங்கள் பதினைந்தில் எதற்கு இப்படி நடக்கிறதோ அதற்கு இரண்டாவது பிரதி வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு அதே ஓவியரின் வேறு புத்தகங்களைத் தேடுங்கள்.

ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் பென்சிலால் தேதி போட்டு, குழந்தைகள் சொன்னதை ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த ஜனவரியில் என்ன வாங்குவது என்பதற்கு அதுவே போதும். கிழிந்தால் செலோ டேப் ஒட்டாதீர்கள், நம் வெயிலில் ஒரே கோடையில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய பருத்தித் துணிப் பட்டையை ஃபெவிகாலில் தோய்த்து முதுகில் ஒட்டி, மேலே கனமான அகராதி ஒன்றை ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள்.